ஜூகே வில் எட்டும் தூரம் ஒன்றுதான்

"சான்குவோஷா என்ற சீனச் சீட்டாட்டத்தில் ஜூகே வில் என்ற ஆயுதச் சீட்டு வந்தால் உடனே மாட்டுங்கள், யாரை வேண்டுமானாலும் எத்தனை முறையும் அடிக்கலாம்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள் நண்பரே. எத்தனை முறையும் என்பது சரி. யாரை வேண்டுமானாலும் என்பது தவறு.

அந்த வில்லின் தூரம் 1. இடது, வலது பக்கத்தில் இருப்பவரைத்தான் எட்டும். அவர்களும் +1 குதிரை (தன்னை ஒரு தூரம் தள்ளி வைக்கும் சீட்டு) வைத்திருந்தால் எட்டாது. உங்களிடம் -1 குதிரை (மற்றவர்களை ஒரு தூரம் நெருக்கமாக்கும் சீட்டு) இருந்தால்தான் கணக்கு சரியாகும். கையில் நான்கு 'ஷா' எனும் தாக்குதல் சீட்டை வைத்துக்கொண்டு, இரண்டு இடம் தள்ளி ஒற்றை உயிரோடு இருந்த எதிரியை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்த வேதனை எனக்குத் தெரியும்.

உடனே மாட்டுவதும் நல்லதல்ல. அடிப்படைக் கட்டின் 108 சீட்டுகளில் 'ஷா' 30தான், ஒரு முறைக்கு எடுப்பது இரண்டு சீட்டு. மூன்று நான்கு சேரும்வரை வில்லைக் கையிலேயே வையுங்கள். முன்பே மாட்டினால் எதிரி 'கடன் வாங்கிய கத்தி' சீட்டைப் போடலாம்; அவர் சொல்பவர் மீது நீங்கள் 'ஷா' போடாவிட்டால் வில்லையே பிடுங்கிக்கொள்வார். அப்புறம், ஜாங் ஃபெய் என்ற பாத்திரத்தை ஆடுபவருக்கு இந்த வில் தேவையே இல்லை. வரம்பில்லாமல் தாக்குவது அந்தப் பாத்திரத்தின் சொந்தத் திறன். அவருக்கு தூரம் 3 உள்ள ஈட்டியே மேல்.