தகுதியான ஆளுக்கு மட்டும் நிக்கிற பஸ்

மூணு நாளா அந்தக் கருத்தரங்கு வீடியோதான் ஓடிட்டு இருக்கு. "வெட்டுன துண்டை மட்டும் பாத்துட்டுக் கோவப்படாதீங்க, முழுசாப் பாருங்க"ன்னு ஒருத்தர் இன்பாக்ஸ்ல வந்து அறிவுரை சொன்னாரு. சரின்னு ராத்திரி உக்காந்து ஒன்னேகால் மணி நேரத்தையும் பாத்தேன். கோவம் கூடத்தான் செஞ்சிருக்கு.

தலைப்பு "சமூகச் சவால்களுக்குப் புதிய சிந்தனை". மேடையில நாலு பேரு, நாலுமே ஆம்பளைங்க. அதை விடுங்க. அதுல மூணாவதாப் பேசுற அண்ணனோட புதிய சிந்தனை என்னன்னா, டவுன் பஸ்ல பொம்பளைங்க காசில்லாமப் போறதைத் "தகுதியானவங்களுக்கு மட்டும்"னு மாத்தணுமாம். வருமானச் சான்றிதழ் வாங்கி, கார்டு போட்டு, மெஷின்ல தட்டித்தான் ஏத்தணுமாம். கீழ இருந்தவங்க கை தட்டுறாங்க.

இதுல எது புதுசு? யாரு ஏழைன்னு சல்லடை போட்டுச் சலிக்கிறது நம்ம நாட்டுல ரொம்பப் பழைய வேலை. 1997ல ரேஷனை அப்படித்தான் வறுமைக் கோட்டுக்கு மேல, கீழன்னு மத்திய அரசு ரெண்டாப் பிரிச்சுது. தமிழ்நாடு எல்லாருக்கும் அரிசின்னு நின்னுச்சு. வேணாம்னவங்க அவங்களாவே சர்க்கரை கார்டுக்கு மாறிக்கிட்டாங்க. 1982ல எம்.ஜி.ஆர். சத்துணவை விரிவாக்குனப்பவும், தட்டை நீட்டுன புள்ளைகிட்ட உங்கப்பன் சம்பளம் என்னன்னு யாரும் கேக்கல.

கேள்வி கேக்காம ஏத்துறதாலதான் அந்த பஸ் ஏழையை ஏத்துது. இது ஒன்னுதான் நான் சொல்ல வர்றது. எத்தனை தடவை வேணா சொல்றேன்.

2021 மே 7ந் தேதி இந்த இலவச பஸ்ஸுக்குக் கையெழுத்து. 8ந் தேதி காலைல பொம்பளைங்க ஏறியாச்சு. ஃபாரம் இல்ல, போட்டோ இல்ல, செராக்ஸ் கடை இல்ல. (10ந் தேதி ஊரடங்கு வந்து பஸ்ஸே நின்னு போச்சு, அது வேற கதை.) ஒரு அரசாங்கத் திட்டம் மறுநாளே கைக்கு வந்து சேந்ததை நான் என் வாழ்க்கையில வேற எங்கேயும் பாத்ததில்ல.

சல்லடை போட்டா என்ன ஆகும்னு தெரியணுமா? மகளிர் உரிமைத் தொகை. நல்ல திட்டம், நான் குறை சொல்லல. ஆனா வருமானம் ரெண்டரை லட்சத்துக்குள்ள, நஞ்சை 5 ஏக்கருக்குள்ள, புஞ்சை 10 ஏக்கருக்குள்ள, வருசத்துக்குக் கரண்டு 3,600 யூனிட்டுக்குள்ளன்னு வரிசையா நிபந்தனை. 2023ல 1 கோடியே 63 லட்சம் பேரு மனு போட்டதுல, செப்டம்பர்ல ஆரம்பிக்கும்போது கிடைச்சது 1 கோடியே 6 லட்சத்துச் சொச்சம் பேருக்கு. மீதிப் பேரெல்லாம் ஜமீன்தாரிணிகளா?

எங்க சின்னம்மா அலங்காநல்லூர் பக்கம். விடியறதுக்கு முன்னாடி மொத பஸ்ஸைப் புடிச்சு, மாறி ஏறி, மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல உதிரி மல்லி ரெண்டு கிலோ எடுத்துட்டு வந்து, கட்டி வித்துப் பொழைக்கிறவங்க. அவங்க ஒரு உதவித்தொகைக்கு மனு போட்டாங்க. எந்தத் திட்டம், எந்த ஆபீஸ்னு சொல்லப் போறதில்ல. ரெண்டு தடவை தள்ளுபடி. காரணம், வீட்ல நாலு சக்கர வண்டி இருக்காம். அது அவங்க மகன் கடன்ல வாங்குன பழைய ஆம்னி வேன். அவன் தனிக்குடித்தனம் போயி நாலு வருசமாச்சு, கார்டுல பேரு மட்டும் எடுக்கல. அதைச் சரி பண்ண நாலு நாள் அலைஞ்சாங்க. பூக்காரிக்கு ஒரு நாள் போனா அன்னிக்குச் சம்பாத்தியம் போச்சு. அஞ்சாவது நாள், "போங்கடா"ன்னு விட்டுட்டாங்க. அந்த நாலு நாளும் அவங்க போயிட்டு வந்தது எதுலன்னு நினைக்கிறீங்க? அதே பஸ்லதான். அது மட்டுந்தான் அவங்ககிட்ட ஆம்னி வேனைப் பத்திக் கேக்கல.

"பணக்காரப் பொம்பளையும்ல ஓசில போறா?" வந்துருச்சு. இது வரும்னு தெரியும். சாயந்தரம் ஆறு மணிக்கு பெரியார் நிலையத்துல வெள்ளை போர்டு பஸ்ல ஏறிப் பாருங்க. ஒரு கால் வைக்க எடம் கிடைச்சா ரெண்டாவது கால் தொங்கும். பக்கத்து ஆளோட டிபன் கேரியர் உங்க விலாவுல இடிக்கும். வீட்ல காரு நிக்கிற அம்மா முப்பது ரூபாயை மிச்சம் புடிக்க இதுல வந்து நசுங்குவாங்களா? அப்படியே ஒருத்தங்க வந்தாத்தான் என்ன, ரோட்டுல ஒரு காரு குறைஞ்சுது. அந்தக் கூட்டமே சல்லடைதான். தனியா ஒன்னு வாங்கி மாட்ட வேண்டியதில்ல. காளவாசல் மேம்பாலத்துல தினம் எத்தனை காரு போகுது, யாராச்சும் வருமானச் சான்றிதழ் கேட்டோமா? அதுவும் நம்ம எல்லாரோட காசுலதான கட்டுனது? அதுக்குப் பேரு உள்கட்டமைப்பு. பொம்பளை பஸ்ல ஏறுனா ஓசி.

"ஆம்பளைங்க என்ன பாவம் பண்ணாங்க?" ஒன்னும் பண்ணல. கேளுங்க, நானும் கையெழுத்துப் போடுறேன். லக்சம்பர்க்ல 2020லேர்ந்து எல்லாருக்குமே இலவசந்தான். ஆனா எங்களுக்குக் குடுத்ததைப் புடுங்கணும்னு பேசும்போது மட்டும் சமத்துவம் ஞாபகம் வருது பாருங்க, அதான் உறுத்துது.

நஷ்டக் கணக்கு சொல்றவங்களுக்குப் பெருசா பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்ல. 2021க்கு முன்னாடி லாபத்துலயா ஓடுச்சு? அரசு ஈடு குடுக்குது, ஆரம்பத்துலயே 1,200 கோடின்னு கணக்கு சொல்லித்தான் அறிவிச்சாங்க. மாநிலத் திட்டக் குழு நாகப்பட்டினம், மதுரை, திருப்பூர்ல விசாரிச்சப்போ ஒரு பொம்பளைக்கு மாசம் சராசரியா 888 ரூபாய் மிச்சமாகுதுன்னு வந்துச்சு. அந்தக் காசு ஸ்விஸ் பேங்க்குக்குப் போகல. தெருமுனை பலசரக்குக் கடைக்குத்தான் போகுது.

பஸ் சரியா வர்றதில்ல, ஓட்டை உடைசலா இருக்குன்னு சொன்னீங்கன்னா, ஒத்துக்கிறேன். அது நியாயமான புகார். கையைக் காட்டினாலும் நிக்காமப் போறதும் நடக்குது. போன வாரம் எனக்கே நடந்துச்சு. தள்ளிப் போயி நிறுத்துனாங்க, ஓடிப் போயி ஏறுனா, "ஓசிதான, ஏன் இந்த அவசரம்"னு கண்டக்டர் சொல்றாரு. சுத்தி நாலு பேரு சிரிச்சாங்க. அதுல ரெண்டு பேரு பொம்பளைங்க. நான் ஒன்னும் சொல்லல. அந்தச் சீட்டை, பூஜ்யம் போட்ட சீட்டை, ஏன்னே தெரியாம வீடு வரைக்கும் கையில மடக்கி வச்சிருந்தேன். மேடையில ஒருத்தர் இங்கிலீசு கலந்து சொன்னதைத்தான் இவரு சுருக்கமாச் சொல்லிட்டாருன்னு இப்பத் தோணுது.

எங்கம்மா இருந்தவரைக்கும் ரெண்டு ஸ்டாப் முன்னாடியே எறங்கிருவாங்க. ஸ்டேஜ் மாறுனா ரெண்டு ரூவா கூட. வெயில்ல நடந்து வந்து, "காலு மரத்துப் போச்சு, அதான் நடந்தேன்"னு எங்ககிட்டப் பொய் சொல்லுவாங்க. அந்த ரெண்டு ரூவா ஒன்னும் அவங்க காசு இல்ல. எங்கப்பா எண்ணிக் குடுத்தது. "எங்க போற, எதுக்குப் போற, எப்ப வருவ"ன்னு மூணு கேள்விக்குப் பதில் சொன்னாத்தான் சட்டைப் பையில கை போகும். அவங்க கூடப் பொறந்த தங்கச்சி வீடு எட்டுக் கிலோமீட்டர். வருசத்துக்கு ரெண்டு தடவை போயிருந்தா அதிகம். இன்னிக்கு எங்க மதினி, "மனசு சரியில்ல, அம்மா வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்"னு சொல்லிட்டு செருப்பை மாட்டுறா. எங்கண்ணன்கிட்ட காசு கேக்கல, அதனால அவனுக்குக் கேள்வி கேக்க எடமே இல்ல. இந்தக் கணக்கு எந்த மேடையிலயும் வராது. கார்டு போட்டீங்கன்னா அந்தக் கார்டும் எங்கண்ணன் சட்டைப் பையிலதான் இருக்கும், எழுதி வச்சுக்கோங்க.

"நீ அந்தக் கட்சிக்காரியா?" இல்ல. காமராசர் போட்ட சாப்பாட்டையும் சொல்லுவேன், ஜெயலலிதா அம்மா குடுத்த லேப்டாப்பையும் சொல்லுவேன். அதுல டைப் அடிச்சுக் கத்துக்கிட்ட தம்பி ஒருத்தன்தான், "ஃப்ரீ கல்ச்சர் நாட்டைக் கெடுக்குது"ன்னு போன பதிவுல கமெண்ட் போட்டிருந்தான். நல்லா இருடா.

அந்த வீடியோவைச் சின்னம்மாகிட்ட போட்டுக் காமிச்சேன். பூவைக் கட்டிக்கிட்டே பாத்தாங்க. பாதியில, "அந்தாளு எந்த பஸ்ல வந்தாரு?"ன்னு கேட்டாங்க. தெரியல சின்னம்மான்னேன்.

என் ஃப்ரெண்ட் லிஸ்ட்லயே மூணு பேரு அந்த வீடியோவுக்கு ஹார்ட் விட்டிருக்கீங்க. பாத்தேன். அதுல ஒரு அண்ணன் போன மாசம் மக சடங்குக்கு எங்க சின்னம்மாகிட்டதான் நூறு முழம் சொல்லி வாங்கினாரு, முழத்துக்கு ரெண்டு ரூவா குறைச்சு. பஸ்ல ஓசில வந்த பூதான் அண்ணே அது.