கார்பன் கணக்கு யார் கையில் இருக்க வேண்டும்?

திருப்பூர் பனியன் கம்பெனி மேலாளர்களுக்குப் பருவநிலை மாற்றம் பற்றித் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நன்றாகவே தெரியும். ஐரோப்பிய பையர் கேட்கும் கார்பன் கணக்கு, அதாவது ஸ்கோப் 1 (கம்பெனியிலேயே எரிக்கும் எரிபொருளின் புகை), ஸ்கோப் 2 (வெளியிலிருந்து வாங்கும் கரண்டைத் தயாரிக்கும்போது வரும் புகை) எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. என் வருத்தம் வேறு. அந்தக் கணக்கைப் போடுவது பெரும்பாலும் ஆடிட் வேலை பார்க்கும் ஒரு பையன். கரண்ட் பில், டீசல் பில் எல்லாம் வாங்கி எக்ஸெலில் ஏற்றி அனுப்பிவிட்டு அடுத்த ஆடிட்டுக்குப் போய்விடுவான். உற்பத்தி மேலாளர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அந்தப் புகையைக் குறைக்க முடிந்தவரோ அவர்தான்!

சாயப்பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். ஸ்டீம் லைனில் சுற்றிய உறை கிழிந்து தொங்கும். மழையில் நனைந்த விறகையே பாய்லருக்குள் தள்ளுவார்கள்; அதிலிருக்கும் ஈரத்தை ஓட்டவே சூட்டில் ஒரு பங்கு போய்விடும். தையல் பகுதியில் சாப்பாட்டு நேரத்தில் மெஷின்கள் நின்றதும் காது கொடுத்துக் கேளுங்கள், காற்றுக் குழாய் இணைப்புகளில் உஸ்ஸென்று சத்தம் வரும். கம்ப்ரசர் காற்றில் 20, 30 சதவீதம் இப்படிக் கசிவது தொழிற்சாலைகளில் சர்வசாதாரணம். நம் மின்தொகுப்பிலிருந்து வரும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் பின்னால் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது. காசும் போகிறது, புகையும் சேர்கிறது.

"எங்களுக்குக் காற்றாலை இருக்கே" என்பார்கள். நல்ல விஷயம், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் காற்றாலை கரண்டைத்தான் தரும். சாயமேற்ற வேண்டிய சூடு பாய்லரிலிருந்து வருகிறது, அதை யார் பார்ப்பது?

"பையர் கட்டாயப்படுத்தட்டும், அப்புறம் பார்ப்போம்" என்ற பேச்சைக் கேட்டால்தான் பயமாக இருக்கிறது. சாயக்கழிவால் நொய்யல் ஆறு நாசமாவது ஊருக்கே தெரிந்திருந்தது. கடைசியில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவு வந்து நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. வேலை இழந்தவர்கள் மேலாளர்கள் மட்டுமா? இறக்குமதிப் பொருளைத் தயாரிக்கும்போது வெளியான கார்பனுக்காக ஐரோப்பா விதிக்கும் எல்லைக் கார்பன் வரி 2026 ஜனவரி முதல் இரும்பு, அலுமினியம், சிமென்ட் போன்றவற்றுக்கு வந்தாயிற்று. நட்டும் போல்ட்டும் ஏற்றுமதி செய்பவர்கள்கூடக் கணக்குக் காட்ட வேண்டும். துணி அந்தப் பட்டியலில் இல்லை என்பதை நிம்மதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது, கிடைத்த அவகாசமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலாளிகளிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மாதாந்திர உற்பத்திக் கூட்டத்தில் ரிஜெக்ட் எத்தனை சதவீதம் என்று கேட்கிறீர்கள் அல்லவா? அதே மேலாளரிடம், அதே கூட்டத்தில், ஒரு கிலோ துணிக்கு எத்தனை யூனிட் கரண்ட், எத்தனை கிலோ விறகு போனது என்றும் கேளுங்கள்.