ஊர்ப் பூட்டா, ஊரில் வாங்கிய பூட்டா?

கோயம்புத்தூரில் மைத்துனர் புது வீடு கட்டிக் குடிபோகிறார். "திண்டுக்கல்லில் இருந்து வருகிறீர்கள், வாசல் கேட்டுக்கு நல்ல பூட்டாக ஒன்று வாங்கி வாருங்கள் மாமா" என்றார். சொந்த ஊரில் பூட்டு வாங்குவதில் என்ன சிரமம் என்று கடைவீதிக்குப் போனேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "திண்டுக்கல் பூட்டு வேண்டுமா சார், திண்டுக்கல்லில் வாங்கிய பூட்டு போதுமா?"

அவர் கேலி செய்யவில்லை. அலமாரியில் பளபளவென்று அடுக்கியிருந்தவற்றில் முக்கால்வாசி உத்தரப் பிரதேசத்து அலிகரில் இருந்து வந்தவை. அலிகர்மீது எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அதுவும் பூட்டால் பெயர் பெற்ற ஊர்தான். அங்கே இயந்திரம் ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் தள்ளுகிறது, விலை குறைகிறது, சனம் வாங்குகிறது. பக்கத்தில் வைத்த ஊர்ப் பூட்டின் விலை அதைப்போல் மூன்று மடங்கு. "செய்யச் சொல்லித்தான் வாங்க வேண்டும், மூன்று நாள் ஆகும்" என்றார் கடைக்காரர்.

வெளியூர்க்காரர்கள் பலருக்கு எங்கள் ஊர் மாங்காய்ப் பூட்டைப் பார்த்த நினைவு இருக்காது. பெயருக்கு ஏற்ற வடிவம்: மேலே அகன்று, கீழே ஒரு பக்கமாய்ச் சரிந்து இறங்கும். தகட்டை வெட்டி, வளைத்து, ரிவெட் அடித்து மூடுவதற்கு முன்னால் உள்ளே லீவர்களை, அதாவது சாவி திரும்பும்போது தூக்கும் சின்னத் தகடுகளை, ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டும். சாவியின் பல்லுக்கு ஏற்ப லீவரை அரத்தால் ராவுவார்கள். பிடிக்கவில்லை என்றால் மறுபடி ராவுவார்கள். கையால் ராவியது என்பதால் ஒன்றுபோல் இன்னொன்று அமைவது அரிது. ஒரு பூட்டின் சாவி இன்னொன்றில் நுழையும், திரும்பாது. கோயில் கதவில் தொங்கும் பெரிய பூட்டும் மேசை இழுப்பறைக்கான சின்னப் பூட்டும் இதே ஊர்ப் பட்டறைகளில் பிறந்தவை. தண்ணீர் தட்டுப்பாடான ஊர், விவசாயத்தை நம்ப முடியாமல் கைத்தொழிலுக்குப் போனோம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு அது நம்பக்கூடியதாகவே படுகிறது. கோடையில் குடத்தோடு அலைந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

எனக்குப் பத்துப் பதினொரு வயது இருக்கும். அப்பத்தாவின் தானிய அறைப் பூட்டுக்கு இருந்த ஒரே சாவியைத் தொலைத்துவிட்டேன். அடிக்குப் பயந்து, நாதாங்கியில் பூட்டாமல் தொங்கிக்கொண்டிருந்த பூட்டைக் கழற்றிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு பட்டறைக்கு ஓடினேன். அங்கிருந்தவர் பூட்டைக் காதருகே வைத்துக் குலுக்கினார். சாவிக்கான தகட்டை விளக்குப் புகையில் காட்டிக் கரியேற்றி, துளைக்குள் விட்டு மெல்லத் திருப்பி வெளியே எடுத்தார். கரி உரிந்த இடங்கள் மட்டும் மின்னின. அங்கே அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடி புகை, மறுபடி துளை. மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் 'டக்' என்று கொண்டி உள்ளே போய் வந்தது. கையை நீட்டினேன். சாவியை அவர் தரவில்லை.

"யார் வீட்டுப் பிள்ளை நீ?"

சொன்னேன்.

"போய் அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டு வா தம்பி. சாவி எங்கேயும் போகாது."

அப்பத்தா வந்தார், எனக்கு விழ வேண்டியதும் விழுந்தது. அவர் சாவியை அப்பத்தாவின் உள்ளங்கையில் வைத்த பிறகுதான் கூலி வாங்கினார். அன்று எனக்கு ஆத்திரமாக இருந்தது. கையில் காசோடு வந்தவனிடம் இந்தப் பூட்டு யாருடையது என்று கேட்கிற ஒருவர் இருந்த ஊர் அது என்பது பிறகு புரிந்தது. ஊரின் அடையாளம் என்று நான் எதையாவது சொல்வதாக இருந்தால் அந்தக் கேள்வியைத்தான் சொல்வேன். மலைக்கோட்டை கம்பீரமானதுதான், ஆனால் அது யாரையும் எதுவும் கேட்பதில்லை.

இப்போது திண்டுக்கல் என்றால் பிரியாணி. நானும் சாப்பிடுகிறவன், குறை சொல்ல வாய் வராது. சீரகச் சம்பாவின் வாசனையும் பிரியாணி மாஸ்டரின் கைப்பக்குவமும் கைவினைக் கணக்கில்தான் வரும். 1957இல் நாகசாமி நாயுடு ஆனந்த விலாஸ் என்ற பெயரில் தொடங்கிய கடை, அவர் கட்டியிருந்த தலைப்பாகையால் தலப்பாக்கட்டி ஆனது. ஒரு மனிதரின் தலைத்துணி ஊர்ப் பெயரோடு ஒட்டிக்கொண்டு கடல் தாண்டிப் போயிருக்கிறது. எனக்குப் பொறாமையாக இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக இந்தியா முழுக்க வீட்டுக் கதவுகளில் தொங்கிய பூட்டுகளைச் செய்தவர்களில் ஒருவர் பெயரையாவது நம்மில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? எனக்குச் சாவி செய்து தந்தவர் பெயரே எனக்குத் தெரியாது. "பூட்டுக்காரர்" என்றுதான் வீட்டில் சொல்வோம்.

2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே சமயத்தில்தான் காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கும் கிடைத்தது. பூட்டுக்கு விண்ணப்பித்தது இங்குள்ள தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம். செய்தி வந்த அன்று ஊரே வாழ்த்துப் பரிமாறிக்கொண்டது, நானும் பகிர்ந்தேன். பகிர்ந்த எத்தனை பேர் அந்த வருடம் ஒரு பூட்டு வாங்கினோம் என்று கேட்டால் தலை குனிய வேண்டியதுதான், என்னையும் சேர்த்து. வேறு ஊர்ச் சரக்குக்கு நம் ஊர்ப் பெயரைப் போடக் கூடாது என்று அந்தக் குறியீடு சொல்கிறது, சரி. பட்டறையில் உட்கார்ந்து ராவுவதற்கு ஆள் வேண்டுமே, அதற்கு அது என்ன செய்யும்?

"இளைஞர்கள் பாரம்பரியத் தொழிலைக் கைவிடக் கூடாது" என்று மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அவர்கள் பிள்ளைகள் யாரும் அரம் பிடிப்பதில்லை. இரும்புத் தூளைச் சுவாசித்துக்கொண்டு, பூட்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிப் பிழைத்த ஒருவர் தன் மகனைக் கல்லூரிக்கு அனுப்பினால் அவரைப் பாராட்டத்தான் வேண்டும். அந்தக் கூலி மரியாதையான கூலியாக இருந்திருந்தால் மகனே யோசித்திருப்பான். ஊர்ப் பூட்டுக்கு விலை அதிகம் என்று அலிகர் பூட்டைக் கையில் எடுத்த நாம்தான் அந்தக் கூலியைத் தீர்மானித்தோம்.

மூன்று நாள் காத்திருந்து ஊர்ப் பூட்டையே வாங்கினேன். இரண்டு சாவிகள், சணல் நூலில் கோத்துக் கட்டியிருந்தன. கோயம்புத்தூரில் கொடுத்ததும் மைத்துனர் கையில் தூக்கிப் பார்த்து, "என்ன மாமா, அரை கிலோ இருக்கும் போலிருக்கிறதே" என்றார். நேற்று அவரே போன் செய்தார். சாவி திருப்புவதற்குக் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறதாம். தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.