சக்கரத்தில் அல்ல, வைப்பரில்

ஜெர்மனியின் கொலோன் நகரத்து இகஸ் நிறுவனம் தன் 50-ஆம் ஆண்டையொட்டி, பிளாஸ்டிக் பேரிங்குகள் பொருத்திய சிறிய ஆரஞ்சு நிறக் காரை 2014-இல் இந்தியாவில் தொடங்கி நாடு நாடாக ஓட்டியதைப் பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டு, ‘வழியில் சக்கரம் கழன்றுவிடாதா?’ என்று நண்பர் ஒருவர் இங்கே கேட்டிருக்கிறார். ஐயா, சக்கரத்தின் பாரத்தையும் வேகத்தையும் தாங்குவது எஃகுக் குண்டு, உருளை பேரிங்குகளின் வேலை. பிளாஸ்டிக் புஷ்ஷுக்கு, அதாவது குண்டோ உருளையோ இல்லாத, வெறும் குழாய் வடிவ பேரிங்குக்கு, ஏற்ற இடம் கதவுக் கீல், இருக்கை, பெடல், வைப்பர் போன்று மெதுவாக முன்னும் பின்னும் அசையும் மூட்டுகள்.

பட்டறையில் பழைய வைப்பர் மூட்டுகளை நிறையக் கழற்றியிருக்கிறேன். கிரீஸும் மண்ணும் குழைந்து கறுப்புச் சாந்தாக அப்பியிருக்கும்; துடைத்தால் அடியில் துருவும் பள்ளமும். எண்ணெய் தடவியும் பயனில்லை, அதுவே மறுபடி புழுதியை இழுக்கும். பிளாஸ்டிக் புஷ்ஷில் வழுக்கும் பொருள் பிளாஸ்டிக்கோடே கலந்திருக்கிறது. தேயத் தேய அது மேலே வந்துகொண்டே இருக்கும், கிரீஸ் தேவையில்லை. துருவும் பிடிக்காது. சூடேறினால் விரியும் என்பது ஒரு குறை; தண்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே விடும் இடைவெளியைக் கணக்கிட்டுத்தான் பொருத்த வேண்டும்.

கட்டுரையில் ஊர் ஊராக எடுத்த படங்கள் இருக்கின்றன. பயணம் முடிந்து கழற்றிய புஷ் எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தேய்ந்திருந்தது என்று ஒரு வரி எழுதியிருந்தால், என்னைப் போன்றவர்கள் அதைத்தான் முதலில் படித்திருப்போம்.