12 வோல்ட் காட்டினால் மட்டும் போதாது

அண்ணே, மீட்டரில் 12 வோல்ட் காட்டினால் காடி பேட்டரி நல்லாத்தான் இருக்கு, மாற்ற வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள், அது தப்பு. இரவெல்லாம் நிறுத்திவைத்த காடியில் காலையில் அளந்தால் முழு சார்ஜ் உள்ள பேட்டரி 12.6 வோல்ட் அளவில் நிற்கும், 12.0 என்றால் கால்வாசி சார்ஜ் தேறினாலே பெரிது. சரி, 12.6 இருந்தாலும் நம்பிவிடாதீர்கள். என் பழைய காடி அப்படிக் காட்டிவிட்டுத்தான் கோலாலம்பூர் செந்தூலில் சாப்பாட்டுக்கடை வாசலில் வெறும் டக் டக் சத்தத்தோடு படுத்துக்கொண்டது. சாவியைத் திருப்பும்போது யாரையாவது மீட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள், சார்ஜ் இருந்தும் 9.6க்குக் கீழே விழுந்தால் புதுசு வாங்க வேண்டியதுதான். பேட்டரி இத்தனை வருஷம் வரும் என்ற குளிர்நாட்டுக் கணக்கெல்லாம் இங்கே எடுபடாது, நம்ம வெயில் பேட்டரியைச் சீக்கிரமே தின்றுவிடும். அப்புறம், சிக்னலில் நின்றால் இஞ்சின் தானே அணைந்து, கிளம்பும்போது தானே ஓடும் ஸ்டார்ட் ஸ்டாப் வசதி உள்ள காடிக்கு விலை குறைவென்று சாதாரண பேட்டரியைப் போட்டுவிடாதீர்கள்.