27.5 ஹெர்ட்ஸ் வரை இறங்கினால் போதுமா?

பியானோ நிஜமாகக் கேட்க வேண்டுமானால் ஸ்பீக்கர் 27.5 ஹெர்ட்ஸ் வரை இறங்கியே ஆக வேண்டும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முழு உடன்பாடு இல்லை. பியானோவின் இடது ஓரக் கட்டை, அதாவது மிகக் கீழான சுரத்தின் அதிர்வெண் அதுதான், சரி. ஆனால் நிஜப் பியானோவிலேயே அந்த அடிப்படை ஒலி மிகவும் மெலிசு. மேலே உள்ள ஹார்மானிக்குகளை, அதாவது அடிப்படை ஒலியோடு சேர்ந்து எழும் உயர் அதிர்வெண்களை வைத்துத்தான் காது அந்தச் சுருதியைப் பிடித்துக்கொள்கிறது.

நான் கவனிப்பது வேறு. சுத்தியல் தந்தியில் படும் முதல் கணம், அப்புறம் ஒலி அடங்கும் விதம். முதலில் சட்டென்று குறைந்து, பிறகு மெதுவாக இழுத்துக்கொண்டே போகும். அந்த இழுப்பு கேட்காவிட்டால் பொம்மைப் பியானோதான். இடது கை ஓட்டத்தில் ஒரு சுரம் மட்டும் உப்பித் தெரிந்தால் ஸ்பீக்கரைத் திட்டாதீர்கள், பெரும்பாலும் அறைதான் காரணம்.

பியானோ எவ்வளவு பெரிதாகத் தோன்றுகிறது என்பதும் ஒரு தொல்லை. மைக்கைத் தந்திகளுக்கு மேலேயே வைத்துப் பதிவு செய்தால், கீழ்ச்சுரங்கள் ஒரு ஸ்பீக்கரிலும் மேல்சுரங்கள் இன்னொன்றிலுமாக, 9 அடி பியானோ சுவர் அகலத்துக்கு விரிந்துவிடும். அரங்கில் உட்கார்ந்து யாரும் அப்படிக் கேட்டதில்லை. கோளாறு பதிவிலேயே இருக்கும்போது ஆம்ப்ளிஃபயரை மாற்றி என்ன பயன்?

பியானோ கலைஞர் கிளென் கூல்டு 1955-இல் வாசித்த, பாக் இயற்றிய கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ் வெறும் மோனோ, இடம் வலம் பிரிக்காத ஒரே தடப் பதிவு. விரல் தெளிவுக்கு அதில் குறையே இல்லை. 1981-இல் மறுபடி பதிவு செய்ததில் அவர் வாசித்துக்கொண்டே முனகுவது தனியாகக் கேட்கிறதா என்று பாருங்கள். என் பழைய செட்டில் அதை ஏதோ இரைச்சல் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன்.