அச்சுதான் டிசைன் போடுகிறதாம்

ஞாயிற்றுக்கிழமை காரைக்குடிக் கூட்டத்து வீடியோவை இதற்குள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நம் செட்டிநாட்டு வீடுகளில் தரைக்குப் போடும் ஆத்தங்குடி டைலைப் பற்றி அதில் ஒருவர் பேசினார். "ஆத்தங்குடிக் கல் அருமையான கைத்தொழில், ஆனால் கலை என்று சொல்லிவிட முடியாது. டிசைனை அச்சு போடுகிறது, ஆள் ஊற்றுகிறார், அவ்வளவுதான்." கைதட்டல் வேறு. பேசியவர் நிறையப் படித்தவர். பெயர் வேண்டாம்.

அச்சு போடுகிறதாம்! ஐயா, ஒருநாள் பட்டறைக்கு வந்து அந்த அச்சைத் தூக்கிப் பாருங்கள். என் சித்தப்பா ஆத்தங்குடியில் அந்தக் கல்லைச் செய்கிறவர். கண்ணாடி மேல் அச்சை வைத்து, அறை அறையாகச் சாயச் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றுவார். தண்ணியாக இருந்தால் பக்கத்து நிறத்தோடு கலந்துவிடும், கெட்டியாக இருந்தால் மூலை நிரம்பாது. அப்புறம் அச்சை ஆடாமல் நேராக மேலே எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் மூச்சுகூட விடமாட்டார். சின்ன வயதில் பக்கத்தில் நின்று தும்மிவிட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது இன்னும் மறக்கவில்லை. மேலே காய்ந்த கலவை, அதன் மேல் சாந்து, பிறகு தண்ணீர்த் தொட்டி, வெயில். சூளையும் இல்லை, பாலிஷும் இல்லை. அந்தப் பளபளப்பு கண்ணாடியில் ஒட்டிக் கிடந்ததால் வந்தது. சில கல்லுக்கு அச்சே கிடையாது, சாயத்தை ஊற்றிக் கையாலேயே இழுத்துப் பூப் போடுவார். அது மட்டும் கலையா? அச்சு வைத்ததும் தொழிலாகிவிடுமா? ஆள் ஒருவர்தானே, கை ஒன்றுதானே!

"ஒரே டிசைன் திரும்பத் திரும்ப வருகிறதே" என்பீர்கள். பஞ்சலோகச் சிலைக்கும் அளவு உண்டு, நடராஜர் கையை ஸ்தபதி இஷ்டத்துக்கு நீட்டிவிட முடியாது. "காலில் மிதிபடுகிறதே" என்றால், கோலமும்தான் மிதிபடுகிறது. "அப்படியானால் வரட்டி தட்டுவதும் கலையா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் கிடையாது. போய்த் தட்டிப் பாருங்கள்.

புகைப்படத்தையும் இப்படித்தான் இயந்திரத்தின் வேலை என்றார்கள். ஓவியத்தில் தோற்றவர்களின் புகலிடம் என்று 1859இல் பிரெஞ்சுக் கவிஞர் போதலேர் ஏசினார். 1940இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அதற்குத் தனித் துறையே தொடங்கியது. 1917இல் மார்செல் துஷாம் என்ற பிரெஞ்சுக் கலைஞர் கடையில் வாங்கிய சிறுநீர்க் கோப்பையில் ஒரு புனைபெயரைக் கையெழுத்திட்டுக் கண்காட்சிக்கு அனுப்பினார், அது கலை வரலாறு. சரி, இருக்கட்டும். கடையில் வாங்கினால் கலை, கையால் செய்தால் தொழில். நல்ல கணக்கு!

நம் பழைய கணக்கு வேறு. காமசூத்திரம் எழுதிய வாத்ஸ்யாயனர் போட்ட அறுபத்து நான்கு கலைப் பட்டியலில் மாலை தொடுப்பது இருக்கிறது, சமையல் இருக்கிறது, தரையில் மணிக்கல் பதிப்பதும் இருக்கிறது. தரை, சார், தரை.

வெளியூர்க்காரரைக் குறை சொல்லி என்ன? நம் வீடுகளைச் சுற்றிக் காட்டுகிறவர்களே பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி என்று தேசம் தேசமாகப் பெயர் சொல்வார்கள். தரைக்கு வந்தால் "லோக்கல்". போட்ட ஆளின் பெயரை இதுவரை ஒருத்தர் கேட்டதில்லை. நின்று செல்ஃபி எடுக்க மட்டும் அந்தத் தரை வேண்டும்.

'சித்தப்பா என்பதால் பொங்குகிறாய்' என்று கமெண்டில் வருவீர்கள். ஆமாம், அதனால்தான். அவரிடம் வீடியோவைக் காட்டினேன். முழுசாகப் பார்த்துவிட்டு, "அவர் வீட்ல என்ன கல்லு போட்டிருக்காருன்னு கேளு" என்றார்.